தொட்டதும் தண்ணீராகும் கிரீம்

"வெயில்ல போகாதீங்க" என்றார் டாக்டர். யாரிடம் சொன்னார் என்பதுதான் விஷயம். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிப் பிழைக்கும் என் தங்கை மகளிடம் சொன்னார். புதுச்சேரியில் குளிரூட்டிய ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, அவள் கைகளிலும் கழுத்திலும் சிவந்து தடித்திருந்த இடங்களை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மழைக்கு ஒதுங்கி நில் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"எங்க வேலையே வெயில்லதாங்க டாக்டர்" என்றாள் அவள்.

"அப்போ சன்ஸ்கிரீன் போட்டுக்கிட்டுப் போங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடணும். கையை நல்லா கழுவிட்டுப் போடணும்."

"கை கழுவ அங்க உப்புத்தண்ணிதான் இருக்குது. பரவால்லைங்களா?"

டாக்டர் சிரித்தார். அவள் தமாஷாகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். எனக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. இந்த மனிதனுக்கு உப்பளம் என்றால் என்னவென்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை என்று உள்ளுக்குள் பொங்கினேன். இப்போது யோசித்தால், அவராவது அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை.

அவளுக்கு வந்திருந்தது தொத்து வியாதி அல்ல. சிலருடைய தோலுக்கு வெயில் ஒத்துக்கொள்வதில்லை. எத்தனையோ வருடங்கள் வெயிலில் நின்ற தோல் ஒரு நாள் திடீரென்று போதும் என்று சொல்லிவிடும். அரிக்கும், தடிக்கும், கொப்புளம் கட்டும். நிழலில் இருந்தால் அடங்கிவிடும். உப்பளத்தில் நிழல் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்திகளும் வரப்புகளும்தான். ஒரு மரம் இல்லை, ஒரு கொட்டகை இல்லை. கீழே இருக்கும் உப்பு வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். குடையே பிடித்தாலும் கீழிருந்து வரும் வெயிலுக்கு என்ன செய்வது?

மருந்துக் கடையில் கொடுத்த டியூப் விரல் நீளம் இருந்தது. அட்டையில் ஒரு வெள்ளைத் தோல் பெண் கடற்கரையில் நின்று சிரித்தாள். நிறம் கூடும் என்ற வாக்குறுதி பெரிய எழுத்தில் இருந்தது. வெயிலைத் தடுக்கும் என்பது அதற்குக் கீழே சின்னதாக இருந்தது. என் தங்கை மகள் அதைப் புறங்கையில் கொஞ்சம் பிதுக்கித் தேய்த்துப் பார்த்தாள்.

"பிசுபிசுன்னு இருக்குது மாமா. இத்தப் பூசிக்கிட்டுப் பாத்தியில எறங்குனா, வாரின உப்பெல்லாம் என் மேலதான் ஒட்டியிருக்கும். முதலாளி என்னையும் சேத்து மூட்டையில போட்டுருவாரு."

ஊர் திரும்பும் பஸ் கோட்டக்குப்பம் தாண்டி ஈ.சி.ஆர் சாலையில் வேகம் எடுத்தபோது அவளிடம் சொன்னேன்: "நான் செஞ்சு தர்றேன். பிசுபிசுப்பே இல்லாம."

"நீங்களா? இன்னா, மிக்ஸியில போட்டு அரைப்பீங்களா?"

"என் பொழப்பே அதுதானேம்மா."

"அது சினிமாக்காரிங்களுக்குச் செஞ்ச க்ரீமு. எங்களுக்கு ஆவுமா?"

ஆகாது என்று அவளுக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

நான் வேதியியல் படித்தவன். வேலைக்காலம் முழுவதும் முகப்பூச்சு செய்யும் கம்பெனிகளில் கழிந்தது. எந்த எண்ணெய், எந்த மெழுகு, எவ்வளவு தண்ணீர், எந்தச் சூட்டில் சேர்ப்பது என்று முடிவு செய்வது என் வேலை. பெரும்பாலும் நான் செய்தவை கறுத்த பெண்களை அவர்கள் நிறத்துக்காக வெட்கப்படவைத்து, அந்த வெட்கத்தை வைத்துக் காசு பண்ணும் டப்பாக்கள். அதற்காக நான் அப்போது வருத்தப்பட்டதில்லை. டப்பாவுக்குள் இருப்பது திரிந்துபோகாமல் நின்றதா என்பது மட்டும்தான் என் கவலை.

எண்ணெயும் தண்ணீரும் கலக்காது. கலந்ததுபோல நிற்கவைக்கலாம், அவ்வளவுதான். எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து, ஒரு துளி இன்னொரு துளியோடு சேர்ந்துவிடாமல் காவல் போட்டு, தண்ணீருக்குள் நிறுத்திவைப்பதற்குப் பெயர்தான் கிரீம். பாலும் அப்படித்தான். தயிரைக் கடையும்போது அந்தக் காவல் உடைந்து, துளிகள் ஒன்று சேர்ந்து வெண்ணெயாகத் திரண்டு மேலே வருகிறது. சமையலறையில் அதை வேண்டுமென்றே செய்கிறோம். என் தொழிலில் அது நடந்துவிட்டால் தோல்வி. கடை அலமாரியில், லாரியில், குளியலறையின் ஈரத்தில், எங்கேயும் துளிகள் சேரக் கூடாது.

காவல் போடுவதற்குப் பல வழிகள் உண்டு. மெழுகு போன்ற பொருள்களைப் போட்டுக் கெட்டியாக நிறுத்தலாம். பலமாக நிற்கும், ஆனால் தோலில் பிசுபிசுக்கும். இன்னொரு வழி, தண்ணீரைக் குடித்து ஊதும் ஒருவகைப் பொடி. அதன் நீண்ட நூல்கள் எல்லாவற்றிலும் ஒரேவகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியும். விரிந்த நூல்களுக்கு நடுவே எண்ணெய்த் துளிகள் நகர முடியாமல் நிற்கும். பார்க்கக் கண்ணாடிபோல் மினுங்கும். தொட்டால் குளிரும். பிசுபிசுப்பு இருக்காது. அதற்கு ஒரே எதிரி உப்பு. உப்பு பட்டால் அந்தத் தள்ளுதல் போய்விடும். நூல்கள் சுருண்டு, பிடித்துவைத்திருந்த தண்ணீரை விட்டுவிடும். துளிகள் ஒன்று சேரும். கிரீம் தண்ணீராகிவிடும்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? இதை வைத்துத்தான் நான் பெயரே வாங்கினேன். மனிதத் தோலில் இருக்கும் துளி உப்பே இந்தக் கிரீமை உடைக்கப் போதும். கன்னத்தில் தேய்த்ததும் நீர்முத்துகளாக உடைந்து ஜில்லென்று இருக்கும். இது குறை அல்ல, இதையே சிறப்பு என்று சொல்லி விற்கலாம் என்று கம்பெனிக் கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான். 'தொட்டதும் தண்ணீராகும் கிரீம்' என்று விளம்பரம் வந்தது. பட்டணத்துப் பெண்கள் விரும்பி வாங்கினார்கள். உடைந்த பிறகு எண்ணெய் மெல்லிய படலமாகக் கன்னத்தில் படியும். காரிலிருந்து ஆபீசுக்கு நடக்கும் தூரத்துக்கு அந்தப் படலம் போதும்.

புதுச்சேரிக்கு வெளியே இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. சோப்பும் தைலமும் செய்து வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறார்கள். அதை நடத்துபவன் ஒரு காலத்தில் என் கீழே வேலை பார்த்தவன். அவனிடம் வேகமாகச் சுழலும் கலக்கி இருந்தது. வெயிலைத் தடுக்கும் ஜிங்க் ஆக்சைடு பொடி, மேலே மெழுகு பூசி எண்ணெயில் கலக்க வசதியாகச் செய்தது, அவனிடமே வாங்கினேன். இரண்டு பாத்திரங்கள். ஒன்றில் எண்ணெயும் பொடியும், இன்னொன்றில் தண்ணீரும் என் பழைய நூல் பொடியும். கலக்கியை ஓடவிட்டு, ஒன்றை இன்னொன்றில் மெல்லச் சாய்த்தேன். வெள்ளையாக, வழவழவென்று, ஒரு கட்டி இல்லாமல் வந்தது. வயதானாலும் கை மறக்கவில்லை என்ற பெருமிதத்தில் கண் கலங்கியது.

அவன் விரலில் தொட்டுப் பார்த்தான்.

"சூப்பரா இருக்குது சார். ஆனா இது உப்புக்கு ஆவாதே?"

"உப்பு நாம எங்கப்பா போடறோம்?"

"இல்ல சார், சும்மா கேட்டேன்."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

"அய்யய்யோ, இல்லைங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டான்.

நான் மரக்காணத்தில் பிறந்தவன். ஜன்னலைத் திறந்தால் உப்புக் குவியல் தெரியும் ஊரில் வளர்ந்தவன். உப்பளத்துப் பெண்ணுக்காகக் கிரீம் செய்துகொண்டு, உப்பு நாம் எங்கே போடுகிறோம் என்று கேட்டேன். படித்த முட்டாள் என்று சொன்னால் அது மன்னிப்புபோல் ஆகிவிடும். நான் முட்டாள் அல்ல. நான் கிரீமைப் பற்றி யோசித்தேன், அதைப் பூசப்போகிறவளைப் பற்றி யோசிக்கவில்லை. அப்படி யோசிக்காமலேதான் நான் சம்பளம் வாங்கிப் பழகியிருந்தேன்.

சோதனை எல்லாம் முறையாகச் செய்தேன். மொட்டைமாடி வெயிலில் வைத்தேன், பிரிட்ஜில் வைத்தேன், மறுபடியும் வெயிலில் வைத்தேன். திரியவில்லை, பிரியவில்லை, நிறம் மாறவில்லை. பெரிய டப்பாவில் நிரப்பித் தங்கை மகளின் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவள் முகத்திலும் கைகளிலும் பூசிக்கொண்டு வாசலுக்கு வந்ததும், பக்கத்து வீட்டுக்காரி, அவளும் உப்பளத்துக்குப் போகிறவள்தான், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏண்டி, பொங்கலுக்கு வெள்ளையடிச்ச செவுரு மாதிரி நிக்கறியே! மாமங்காரரு உனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் போறாரா?"

"ஏன், இருக்கறவரு போதும். இந்த ஒருத்தரயே மேய்க்க முடியல."

உள்ளேயிருந்து அவள் கணவன் "கேக்குது, கேக்குது" என்றான்.

பிசுபிசுப்பு இல்லை என்பதில் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். பிறகு சட்டையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள். இங்கே உப்பளத்துப் பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவார்கள். தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றிக்கொள்வார்கள். வெயிலுக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து அதுதான். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அந்தச் சட்டை விறைத்துப்போகும். மடிப்புகளில் உப்பு படிந்து, தடித்த தோலில் உரசி எரியும்.

"அப்போ இந்தச் சட்டை வேணாமா மாமா? ரணத்துல ஒரசி உசுரு போவுது."

"வேணாம்மா. இதுதான் உனக்குச் சட்டை. நடுவுல ஒரு தடவை, ரெண்டு தடவை பூசிக்கோ, போதும்."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை, கடைக்காரன் சொல்லவில்லை, அட்டையில் சிரித்த பெண் சொல்லவில்லை.

விடியுமுன் வீட்டில் பூசிக்கொண்டு போனது கொஞ்ச நேரம் நின்றிருக்கும். பாத்தியில் இறங்கி, நீளக் கம்பு மாட்டிய பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்க்கச் சேர்க்க, முழங்கை வரை உப்பு பூத்துவிடும். பிறகு அந்தக் கையாலேயே டப்பாவிலிருந்து எடுத்துப் பூசியிருக்கிறாள். உள்ளங்கையிலேயே அது தண்ணீராகி வழிந்திருக்கிறது. தோலில் போய்ச் சேரவே இல்லை. அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. மருந்து தோலுக்குள் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டாளாம். மாமா செய்தது தப்பாக இருக்காது என்று நினைத்தாளாம். அரிப்பு கூடியபோதும், முதலில் கூடித்தான் பிறகு குறையும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம்.

சில நாள் கழித்து நான் உப்பளத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க அல்ல. அவள் பாத்தியில் நின்று என் கிரீமைப் பூசுவதை செல்போனில் படம் எடுத்து, பழைய கம்பெனி நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் போடுவதற்குப் போனேன். ஓய்வு பெற்றும் நான் சும்மா இல்லை, ஏழைகளுக்கு உதவுகிறேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் சட்டையும் துண்டுமாக இருந்தார்கள். அவள் மட்டும் வெறுங்கையோடு நின்றாள். முழங்கையெல்லாம் சிவந்திருந்தது.

"பூசிக்கோம்மா, போட்டோ எடுக்கறேன்."

டப்பாவைத் திறந்து ஒரு விரல் எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தாள். வெள்ளைத் தண்ணீர் விரல் இடுக்கு வழியாக ஓடிச் சொட்டியது. உள்ளங்கையில் பொடி திட்டுத்திட்டாக நின்றது.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை. நூல்கள் சுருண்டுவிட்டன, துளிகள் சேர்ந்துவிட்டன, அவள் தோலில் ஒன்றுமே இல்லை. இத்தனை நாளும் நான் அவளை வெறும் தோலோடு வெயிலில் நிறுத்தியிருக்கிறேன்.

பக்கத்துப் பாத்தியிலிருந்து அந்தப் பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "இன்னா மாமா, பால் கறக்கறாளா ஒங்க பொண்ணு?"

எல்லோரும் சிரித்தார்கள். உப்பளக்காரரும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்தவர் அவர். ஊரில் என்னைப் பெரிய விஞ்ஞானி என்று அறிமுகப்படுத்துகிறவர்.

"இப்படித்தான் ஆவுமா மாமா?" என்று என் தங்கை மகள் கேட்டாள்.

"அப்படித்தாம்மா இருக்கும். இன்னும் கொஞ்சம் அதிகமா எடுத்துப் பூசிக்கோ."

இதுதான் நான் சொன்ன பதில். 'நிறுத்து, வரப்புக்கு வா, யார் சட்டையாவது வாங்கிப் போட்டுக்கோ' என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. வேறு பொடி போட்டுச் சத்தம் காட்டாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். படமும் எடுத்துக்கொண்டேன். அவளும் நான் சொன்னபடி இன்னும் அதிகமாக எடுத்து, இன்னும் அதிகமாகத் தண்ணீராக்கி, மத்தியானம் வரை அங்கேயே நின்றாள்.

சாயங்காலம் அவள் கணவன் வண்டியில் வந்தான். இறங்கவில்லை.

"மூஞ்சி வீங்கிடுச்சு மாமா. கண்ணு தொறக்க முடியல. காய்ச்சல் கொதிக்குது. அந்த டாக்டரு நம்பரு குடுங்க."

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் எல்லோர் மேலும் கோபப்பட்டேன். டாக்டர் மேல், மருந்துக் கடை மேல், தண்ணீர்த் தொட்டிகூட வைக்காத உப்பளக்காரர் மேல். கோபம் நியாயம்தான், இன்றைக்கும் ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். வெயிலில் நிற்கிற ஆளுக்குச் செய்யாமல், வெயிலைவிட்டு ஓடிப்போகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் வெயில் மருந்து செய்யும் ஒரு தொழிலை யாராவது செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தையெல்லாம் நான் முன்னால் தள்ளிவிட்டு, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். நான் செய்தது யாருக்கும் தெரியாது. அவளுடைய வியாதி முற்றிவிட்டது என்றுதான் ஊர் பேசியது.

அந்தப் பேச்சுதான் அவள் பிழைப்பைக் கெடுத்தது. வீக்கம் வற்றி, தோல் உரிந்து, புள்ளி புள்ளியாகக் கறுத்த முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். உப்பளக்காரர் ஆள் அனுப்பி, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் தொத்து வியாதி என்று பயப்படுகிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரி அவளோடு ஒரே குடத்தில் தண்ணீர் குடித்தவள், இப்போது வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறாள். அந்த உப்பளத்தில் கணவன் மனைவியாகத்தான் ஆள் வைப்பார்கள். அவள் போகவில்லையென்றால் அவனும் வேறு இடம் பார்க்க வேண்டும்.

நான் போய் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கிரீம் உப்பில் உடைந்துவிட்டது, தப்பு என்னுடையது, உன் உடம்பின் மேல் தப்பில்லை என்றேன்.

"அன்னிக்கி போட்டோ எடுத்தீங்களே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ ஏன் சொல்லல?"

"எல்லாரும் இருந்தாங்கம்மா."

"எல்லாரும் இருந்தாங்க" என்று திருப்பிச் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எதையோ ருசி பார்ப்பதுபோல மெதுவாகச் சொன்னாள். "ஒங்களுக்கு வெக்கம். அதுக்கு என் மூஞ்சி போச்சு."

உப்புக்கு உடையாத புதுக் கிரீம் செய்து தருவதாகச் சொன்னேன். உண்மையில் அதற்குள் செய்தும் வைத்திருந்தேன். மெழுகுக் காவல் போட்டு, அதில் நானே உப்பை அள்ளிப் போட்டு, உடைகிறதா என்று பார்த்தும் விட்டேன். கொஞ்சம் பிசுபிசுக்கும், ஆனால் நிற்கும்.

"க்ரீமு யாரு கேட்டா? முதலாளிகிட்ட வந்து சொல்லுங்க. எனக்குத் தொத்து வியாதி இல்ல, ஒங்க மருந்துதான் கெட்டுப்போச்சுன்னு. அவரு காதுல ரகசியமா இல்ல. எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க. அன்னிக்கி யார் யாரு இருந்தாங்களோ அவங்க எல்லாரும் இருக்கணும்."

"எழுதிக் குடுக்கட்டுமா? டாக்டர்கிட்ட ஒரு..."

"வாயால சொல்லுங்க மாமா."

மறுநாள் காலையில் அவளும் அவள் கணவனும் நானும் உப்பளத்துக்குப் போனோம். அவள் சட்டையும் துண்டும் போட்டிருந்தாள். கண்கள் மட்டும் தெரிந்தன. பாத்திகளில் வேலை தொடங்கியிருந்தது. உப்பளக்காரர் எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

"வாங்க சார். ஏம்மா, நான்தான் சொல்லி அனுப்பனேனே?"

நான் பழைய கிரீம் டப்பாவைத் திறந்தேன். ஒரு கரண்டி அளவு எடுத்து உள்ளங்கையில் வைத்து எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினேன். மினுங்கியது. அசையாமல் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராகப் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்கள். குனிந்து குவியலிலிருந்து ஒரு பிடி உப்பு எடுத்து அதன் மேல் போட்டு விரலால் கலக்கினேன். கிரீம் இளகியது. ஓடியது. மணிக்கட்டு வழியாக வழிந்து என் சட்டைக் கையை நனைத்தது.

"இதத்தான் அவளுக்குக் குடுத்தேன்" என்றேன். "உப்பு பட்டா இது தண்ணியாயிடும். இது எனக்கு முன்னாடியே தெரியும். அன்னிக்கி இங்க நின்னு கண்ணால பாத்தேன். பாத்தும் சொல்லாம, இன்னும் பூசிக்கோன்னு சொன்னேன். அவளுக்கு வெயில் ஒத்துக்காது, அவ்வளவுதான். யாருக்கும் ஒட்டாது. சட்டையோட இருந்தவரைக்கும் அவளுக்கு இவ்வளவு மோசமாகல. கழட்டச் சொன்னது நான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கொஞ்சம் வயதான ஒருத்தி, துண்டை முகத்திலிருந்து இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏம்பா, நீ இந்த ஊருதானே?"

"ஆமாம்மா."

"இந்த ஊருக்காரன் வந்து உப்புல கரையுற மருந்து குடுத்தியா?" என்றாள். பிறகு உப்பளக்காரரிடம் திரும்பினாள். "நீ இன்னாடா பாக்கற? அவளுக்கு வியாதின்னு சொன்னியே?"

"நானா சொன்னேன்? நீங்கதானே பயந்தீங்க."

"நாங்க பயந்தோம். இப்ப பயம் போயிடுச்சு."

உப்பளக்காரர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இன்னா சார் இது, நீங்க போயி... தனியா எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் பாத்துக்க மாட்டேனா? நாளைக்கு இன்னொருத்திக்கு மயக்கம் வந்தா என்னைத்தானே கேப்பாங்க?"

"கேக்கத்தான் செய்யணும்" என்றேன். "இங்க ஒரு கொட்டகை ஏன் இல்ல? கை கழுவ நல்ல தண்ணி ஏன் இல்ல? இத்தனை வருஷமா உங்ககூட உக்காந்து காபி குடிச்சேன், ஒரு நாளாவது கேட்டேனா? இப்ப கேக்கறேன்."

"பாக்கலாம் சார், பாக்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதை எழுதும் இன்றுவரை அங்கே கொட்டகை வரவில்லை. நான் போகும்போதெல்லாம் கேட்கிறேன். இப்போது அவர் என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார். காபி நின்றுவிட்டது. எல்லோர் முன்னாலும் கேட்பதற்கு எனக்கு இப்போது கூச்சம் இல்லை. அது எனக்குச் சின்ன வயதிலேயே வந்திருக்க வேண்டிய குணம்.

அன்றைக்கு நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தபோது, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் அவள் கணவன் பாத்தியில் இறங்கிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரி தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஓரமாக வந்தாள். என் தங்கை மகளுக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். "குடிச்சிட்டு வா, நேரமாவுது" என்று மட்டும் சொன்னாள். இவள் துண்டை விலக்கி, உரிந்த முகத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே, அண்ணாந்து குடித்தாள்.

நான் வரப்பின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் கிரீம் டப்பா, இன்னொரு கையில் வெள்ளைத் தண்ணீர். உப்பளக்காரரிடம் மேற்கொண்டு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"வழிய விடுங்க மாமா" என்றாள்.

ஒதுங்கினேன். வரப்பு குறுகல். ஒரு கால் பாத்தியில் இறங்கி, செருப்போடு உப்புத் தண்ணீரில் நின்றது. அவள் என்னைத் தாண்டி இறங்கிப் போனாள்.